மண்ணடிக்கு இந்தப் பக்கம் ஒரு லேப், ஒரு ஃபெரிட்டின்

பழைய வண்ணாரப்பேட்டையில் அண்ணனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. டெங்கு என்று ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிளேட்லெட்டோடு ஹீமோகுளோபினும் சரிந்தது, மண்ணீரல் வீங்கியது. ராத்திரி டியூட்டிக்கு வந்த இளம் டாக்டர்தான் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்த்தார். சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. வலிக்காததால் அண்ணனுக்கே தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சல்! கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது, கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு. நான் இருக்கும் லண்டனில் எந்த டாக்டருக்கும் இது சட்டென்று தோன்றியிருக்காது. உடனே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பித்தார்.

அதோடு எச்.எல்.எச். இருக்குமோ என்றும் சந்தேகப்பட்டார். கிருமியை அடிக்க எழுந்த பாதுகாப்பு அணுக்கள் அடங்காமல், நம் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும் நோய். குழந்தைகளுக்குப் பரம்பரையாக வரலாம். பெரியவர்களுக்கு அபூர்வம், பெரும்பாலும் தொற்றோ புற்றுநோயோ கிளப்பிவிடுவது. இந்த நோயில் ஃபெரிட்டின், அதாவது இரும்பைச் சேமிக்கும் புரதம், ரத்தத்தில் எகிறிவிடும். நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று புள்ளி போட்டுக் கணிக்க 2014இல் வந்த எச்-ஸ்கோரில் ஃபெரிட்டின் 2000 முதல் 6000 வரை இருந்தால் 35 புள்ளி, அதைத் தாண்டினால் 50. எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டிலோ '2000க்கு மேல்' என்று மட்டும் இருந்தது.

"மேலன்னா எவ்வளவு? எனக்கு நம்பர் வேணும்" என்றார் டாக்டர்.

லேப்புக்கு ஓடினேன். "மெஷின் அவ்ளோதான் சார் காட்டும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் சரியான எண் கிடைக்கும், டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குத் தனி பில்லாம். பணம் இந்தாங்க என்றால், சிஸ்டம் மூடியாச்சு, காலையில வாங்க என்கிறார். உள்ளே ஒரு உயிர் கிடக்கிறது, இங்கே பில்லிங்! லண்டனில் நோயாளி வீட்டார் லேப் வாசலில் போய் நிற்கவே வேண்டியதில்லை. வார்டும் லேப்பும் அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வார்கள். எனக்குக் கை நடுங்கியது, குரலும் உயர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு உள்ளிருந்து டெக்னீஷியன் தம்பி ஒருவர் வந்தார். கையில் கிளவுஸ், காலில் ரப்பர் செருப்பு. "டியூப் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. உக்காருங்கண்ணா, ஓட்டித் தர்றேன்." பில் பற்றிப் பேசவே இல்லை. முடிவு வந்ததும் அவரே டாக்டருக்குப் போன் போட்டு எண்ணை இரண்டு தடவை சொன்னார்: பதினோராயிரத்துக்கும் மேல். அப்புறம் எனக்கும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "டீ சாப்பிட்டீங்களாண்ணா?" என்றார். முகம் தெரியாத ஆளிடம் இப்படிக் கேட்க நம் ஊர்ப் பையனுக்குத்தான் வரும். லண்டனில் இத்தனை வருஷத்தில் எந்த லேப் ஆளின் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. அண்ணன் இப்போது வீட்டில் இருக்கிறார்.

லேப் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விடாத காய்ச்சலில் ஃபெரிட்டின் மெஷினின் எல்லையைத் தாண்டினால், யாரும் வந்து கெஞ்சும் வரை காத்திருக்காதீர்கள். நீர்க்கச் செய்து ஓட்டி எண்ணைப் போடுங்கள், பில்லைக் காலையில் வாங்கிக்கொள்ளலாம்.