வயோமிங்கா, நியூயார்க்கா? கிரிப்டோ நிறுவனத்துக்கு ஏற்ற மாநிலச் சட்டம்

உரிமம்
நியூயார்க்: 2015 முதல் பிட்லைசென்ஸ் (கிரிப்டோ தொழிலுக்கான மாநில உரிமம்) கட்டாயம்.
வயோமிங்: 2018-இல் மெய்நிகர் நாணயத்துக்குப் பணப் பரிமாற்ற உரிமத்திலிருந்து விலக்கு.

செலவு
நியூயார்க்: விண்ணப்பத்துக்கே 5,000 டாலர், திரும்பக் கிடைக்காது.
வயோமிங்: எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பதிவு 100 டாலர், ஆண்டுக்குக் குறைந்தது 60 டாலர்.

காலம்
நியூயார்க்கில் 90 நாள் கெடு, விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். இழுபறி நேர்வது அதற்கு முன்னால்தான். உரிமம் கிடைத்தபின் காலாண்டு நிதி அறிக்கையை 45 நாளுக்குள் தர வேண்டும். கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வயோமிங்கில் பதிந்துவிட்டால் நியூயார்க்வாசிகளுக்கும் சேவை தரலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பதையும் நியூயார்க் விதி பார்க்கும். உரிமம் இல்லையென்றால், கணக்குத் திறக்கும்போதே முகவரியைச் சரிபார்த்து அவர்களைத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்க மத்திய அரசின் நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென்னில் பதியும் கடமையையும் வயோமிங் விலக்கு நீக்காது.

டிஏஓ, அதாவது பிளாக்செயின் நிரல் வழியே உறுப்பினர்களே நடத்தும் அமைப்பு, அமைக்க வயோமிங்தான். 2021 முதல் அதற்கென்றே எல்எல்சி சட்டம் இருக்கிறது. நியூயார்க்வாசிகளின் கிரிப்டோ நாணயங்களைக் காப்பில் வைக்கும் பரிமாற்றகத்துக்கு பிட்லைசென்ஸ் அல்லது நியூயார்க்கின் டிரஸ்ட் சாசனம் (அறக்காப்பு நிறுவனமாக இயங்கும் அனுமதி) வேண்டும். மென்பொருள் மட்டும் எழுதி வெளியிடுபவருக்கு பிட்லைசென்ஸ் தேவையில்லை.