பழைய ஆம்னியில் பாட்டு: நாலு வருடக் கணக்கு

வண்டி 2007 மாடல் ஆம்னி. அப்பா வாங்கியது. பத்தமடையில் பாய்க்கட்டு ஏற்றித் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் போய்வருவதுதான் அதற்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டை மாட்டினால் குடும்ப வண்டி. 2019-இல் மாருதி ஆம்னி தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. அப்புறமும் 2021 ஆவணியில் நான் இதில் சவுண்ட் சிஸ்டம் மாட்டப் போனபோது மச்சான் கேட்டார்: "டப்பா வண்டிக்கு எதுக்கு மாப்ள இந்தச் செலவு?" டப்பா என்று அவர் கேலியாகச் சொன்னதுதான் நிஜமான பிரச்சினை என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தேன். டாஷ்போர்டில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிற பயனியர் ஹெட் யூனிட் ஒன்று, முன்கதவுக்கு ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர், பின்னால் மலிவான ஓவல் ஸ்பீக்கர் இரண்டு, கனத்த அடிச்சத்தத்துக்கென்று மரப்பெட்டியில் ஒரு சப்வூஃபர். டவுனில் ஒரு கடையில் மாட்டினார்கள். வீட்டுக்கு வருவதற்குள் தலைவலி. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அந்தச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றினால் கதவுத் தகரம் காலி எண்ணெய் டின் மாதிரி கூடவே பாடும்.

ஒரு நாள் பாய் நிறைய ஏற்றிக்கொண்டு தென்காசி போனேன். அன்று பாட்டு வேறு மாதிரி கேட்டது. இரைச்சல் இல்லை, குரல் தெளிவு. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பழையபடி டப்பா. கோரைப் பாய்ச் சுருள்கள் வண்டிக்குள் முட்டி மோதுகிற சத்தத்தைக் குடித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஸ்பீக்கரை மாற்றாமலே பாட்டு மாறியதைக் கண்ட பிறகுதான் தகரத்தில் கை வைத்தேன்.

தகரம் அதிராமல் இருக்க ஒட்டுகிற டேம்பிங் ஷீட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் விலை குறைவு என்று தார் ஷீட் ஒட்டினேன். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டி என்ன சூடாகும் என்று தெரியும்தானே. இரண்டே மாதத்தில் இளகிக் கீழே சரிந்தது, வண்டிக்குள் ரோடு போடுகிற வாசனை. சுரண்டி எடுக்க மண்ணெண்ணெயும் ஒரு முழு நாளும் ஆயின. அடுத்து ஒட்டியது பியூட்டைல் ரப்பர் ஷீட், மேலே அலுமினியத் தாள் உள்ளது. இரண்டு முன்கதவு, சறுக்குக் கதவு, முன் தரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐயாயிரம் சொச்சம். இன்றுவரை அசையவில்லை. கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மட்டும் ஷீட் மூடிவிடக் கூடாது. மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி அந்த வழியாகத்தான் வெளியேறும். அதை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கதவில் ஸ்பீக்கருக்கு ஓட்டை போடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். காந்தம் கண்ணாடியில் இடிக்கும். எனக்கு அரை இஞ்ச் மர வளையம் வைத்து ஸ்பீக்கரை வெளியே தள்ள வேண்டியிருந்தது.

ஹெட் யூனிட் பெட்டியில் 50 வாட், நாலு சேனல் (ஸ்பீக்கருக்கு ஒரு வழி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். என்னுடையதில் பின்னால் சொருகியிருந்த ஃபியூஸ் 10 ஆம்பியர். ஓடுகிற வண்டியில் 14 வோல்ட் என்று வைத்துப் பெருக்கினாலும் 140 வாட்தான். 200 வாட் வெளியே எப்படி வரும்? சேனலுக்கு இருபது வாட் உருப்படியாக வந்தால் பெரிது. அதனால் தனியாக நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வாங்கினேன், ஆர்எம்எஸ் கணக்கில், அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவில், சேனலுக்கு 50 வாட். அலற வைப்பதற்காக இல்லை. பாதி வால்யூமிலேயே பிசிறு தட்டாமல் கேட்கத்தான்.

அந்த ஆம்பை மாட்டியவர் என் பொறுமையைச் சோதித்தார். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம், வேகம் கூடினால் சுருதியும் கூடும். ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் சத்தம். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கி எர்த் கொடுத்திருந்தார், தகரத்தோடு தொடர்பு சரியாக இல்லை. பெயின்டைத் தகரம் தெரியச் சுரண்டி, பவர் வயரை இடப்பக்கமாகவும் சிக்னல் வயரை வலப்பக்கமாகவும் பிரித்து ஓட்டியதும் கொசு போய்விட்டது. அதோடு ஆம்பை எழுப்புகிற ரிமோட் வயரை நேராக பேட்டரியோடு சேர்த்திருந்தார். ரெண்டு நாள் வண்டி எடுக்காவிட்டால் பேட்டரி படுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் முன் ஒரு பேட்டரியே மாற்றிவிட்டேன்! இந்த வேலைகளையெல்லாம் கடைசியில் சேரன்மகாதேவியில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி கூட இருந்து செய்துகொடுத்தார். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ் போடச் சொன்னதும் அவர்தான். வழியில் எங்காவது வயர் உரசித் தகரத்தில் பட்டால் வண்டி எரியாமல் ஃபியூஸ் மட்டும் போகும்.

சப்வூஃபர் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. சாமான் வைக்கிற இடம் போனது ஒன்று. இன்னொன்று ஆச்சி. திருச்செந்தூர் போகிற வழியில், "ஏலே, நெஞ்சுக்குள்ள இடிக்கி, கொறைச்சி வையி" என்றாள். குறைத்தாலும் இடித்தது. கழற்றி மச்சானிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அவர் வண்டிதான் இடிக்கிறது. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான கனத்த சத்தம் போகாமல் தடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு அது போதும்.

சரி, எப்படிக் கேட்கிறது? நான் வைக்கிற பரீட்சை நாயனம். சேரன்மகாதேவி தாண்டினால் காருகுறிச்சி. அந்த ஊர் நாதஸ்வர வித்வான் அருணாசலம் 1964-லேயே போய்விட்டார், பதிவுகள் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை எல்லாம் மோனோ, இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான். அதனால் நாயனம் கண்ணாடிக்கு நடுவிலிருந்து வர வேண்டும். முதலில் எல்லாம் என் வலது முழங்கால் பக்கமிருந்தே வந்தது, ஓட்டுகிறவனுக்கு அந்த ஸ்பீக்கர்தானே கிட்டே. டேப் வைத்து அளந்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் 45 சென்டிமீட்டர் வித்தியாசம். சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் சுமாருக்குப் போகிறது, ஆக 1.3 மில்லி செகண்ட். ஹெட் யூனிட்டில் வலது ஸ்பீக்கரை அவ்வளவு தாமதப்படுத்தியதும் மனுஷர் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். இடது சீட்டில் இருப்பவருக்கு இது சரிப்படாது, அவர் பக்கம் இன்னும் சாயும். அப்பா அங்கே உட்கார்ந்தால் தூங்கிவிடுவார், அதனால் தகராறு இல்லை.

2023 டிசம்பர் 17 அன்று வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் அக்கா வீட்டு வாசலில் நின்றது. அந்தத் தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குள் தரைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர். இன்ஜின் வேலை தனிக்கதை. பின்னால் இருந்த ஓவல் ஸ்பீக்கர்களின் காகிதக் கோன் நனைந்த அப்பளமாகிவிட்டது. முன்கதவில் இருந்தவை பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் கோன், காய்ந்ததும் பாடின. பின் சீட்டுக்கு அடியில் கிடந்த ஆம்பைத் திறந்து சேற்றைத் துடைத்துப் பத்து நாள் காய வைத்தோம். இரண்டு மாதம் ஓடியது, அப்புறம் ஒரு சேனல் ஊமை. மீதி மூன்றில் இரண்டை முன்கதவுக்குக் கொடுத்தாகிவிட்டது. பின் ஸ்பீக்கரைத் திரும்ப வாங்கவே இல்லை, தேவையும் படவில்லை.

இப்போதைய நிலவரம்: ஆம்பை சீட்டுக்கு மேல் மட்டத்தில், பக்கச் சுவரில் பலகை வைத்து ஏற்றியிருக்கிறேன். திருச்செந்தூர், உவரி என்று கடற்கரைப் பக்கம் அடிக்கடி போவதால் வருடத்துக்கு ஒருமுறை வயர் முனைகளில் பச்சை பூக்கிறது, தேய்த்துவிட்டு கிரீஸ் தடவுகிறேன். வானொலி மட்டும் இன்னும் சரியாகவில்லை. எஃப்எம் அருமை. மத்திய அலையில் நெல்லை வானொலி வைத்தால் இன்ஜின் ஓடும்வரை கரகரப்பு, சாவியை அணைத்தால் தெளிவு. ஆச்சிக்கு அதுதான் வேண்டும். அதனால் செய்தி நேரத்தில் எங்காவது மர நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிடுகிறோம்.