சுய்கெட்சு ஏரிச் சேறா, ஹுலு குகைக் கல்லா?

பழைய இலையில் மிச்சமிருக்கும் கார்பன்-14ஐ (உயிர் போனபின் சீராகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்) அளந்தால் வயது கிடைத்துவிடும் என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் அளந்த வயதைத் திருத்த ஒரு அட்டவணை வேண்டும். மர வளையங்கள் அந்த வேலைக்கு அருமையானவை, ஆனால் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு அப்பால் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. கிரீன்லாந்துப் பனி வெப்பநிலையை நன்றாகச் சொல்லும், ஆனால் அதில் இலை தழை கிடைக்காது. 14,000 ஆண்டுகளுக்கும் பின்னால் போக வேண்டுமென்றால் முக்கியமான போட்டியாளர்கள் இரண்டு பேர்: ஜப்பானின் சுய்கெட்சு ஏரி, சீனாவின் நான்ஜிங் அருகே உள்ள ஹுலு குகை.

சுய்கெட்சு 34 மீட்டர் ஆழமுள்ள சின்ன ஏரி. பெரிய ஆறு எதுவும் நேரே அதில் விழுவதில்லை. வெள்ளம் கொண்டுவரும் மண் பக்கத்து மிகத்தா ஏரியிலேயே தங்கிவிடுகிறது. சுற்றிலும் மலை இருப்பதால் காற்று நீரைக் கலக்குவது குறைவு. அடியில் ஆக்சிஜன் இல்லை, ஆகவே சேற்றைக் கிளறப் புழுவும் இல்லை. பூமிப் பிளவு ஒன்றால் ஏரித்தளம் தாழ்ந்துகொண்டே வருவதால் ஏரி தூர்ந்தும் போகவில்லை. இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் பருவத்துக்குப் பருவம் வெளிர் படலமும் கரும் படலமும் மாறிமாறிப் படிந்தன. ஒரு ஆண்டுப் படிவின் தடிமன் சராசரியாக ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அப்படி 45 மீட்டர், சுமார் 70,000 ஆண்டுகள். நடுநடுவே எரிமலைச் சாம்பல் பட்டைகள், இரண்டு படலங்களுக்கு நடுவே அழுந்திக் கிடக்கும் இலைகள்.

இலைதான் இந்த ஏரியின் பெரும் பலம். அது காற்றிலிருந்து நேரடியாகக் கார்பனை எடுத்த சாட்சி. கல்முளைக்கு (குகைத் தரையிலிருந்து மேல்நோக்கி வளரும் சுண்ணப் படிவு) அந்தக் கொடுப்பினை இல்லை. சொட்டும் நீர் சுண்ணாம்புப் பாறையில் உள்ள பழைய கார்பனையும் கரைத்துக் கொண்டுவருவதால், கல் தன் உண்மையான வயதைவிட மூத்ததாகக் காட்டும். ஹுலுவில் இந்தப் பிழை சுமார் 450 ஆண்டுகள். நல்லவேளையாக அது பெரிதாக மாறாமல் நிலையாக இருப்பதால் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் கழித்துத்தான் ஆக வேண்டும்.

சரி, காலக் கணக்கில் யார் கெட்டி? இங்கே ஹுலுதான். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆக கல் உருவாகும்போது அதில் தோரியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு யுரேனியம் சிதைந்து சேர்ந்த தோரியத்தை அளந்தால் வயது வந்துவிடும், எதையும் எண்ண வேண்டியதில்லை. ஏரியிலோ படலங்களை எண்ண வேண்டும். சில காலகட்டங்களில் படலமே சரியாக உருவாகவில்லை, அங்கே இடைவெளியை மதிப்பிட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. 1993இல் ஒரே துளையிட்டுச் சேற்றைத் துண்டு துண்டாக எடுத்தபோது ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே சேறு விடுபட்டுப்போய், ஆண்டுக் கணக்கு குறைந்துவிட்டது. 2006இல் தகேஷி நகாகவா தலைமையிலான குழு நான்கு துளைகளிட்டு, ஒன்றில் விடுபட்டதை இன்னொன்றால் நிரப்பியது. அந்தப் பொறுமைதான் சுய்கெட்சுவுக்கு நம்பகத்தன்மையைக் கொடுத்தது என்பேன். அப்படியும் 2012இல் வெளியான திருத்திய கணக்கில், ஏரியின் காலக்கோட்டை நேர்செய்யக் குகைக் கற்களின் தரவும் தேவைப்பட்டது. 2018இல் ஹுலுவின் தொடர் 54,000 ஆண்டுகளை எட்டியது. இன்று உலகம் பயன்படுத்தும் திருத்த அட்டவணையில் இரண்டுக்குமே இடம் உண்டு.

ஆண்டு மட்டும் போதும் என்றால் நான் ஹுலுவைத்தான் எடுப்பேன். பருவநிலை வேண்டும் என்றால் கதை வேறு. கல்முளையின் ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதம்) பருவமழையைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் அது மழையின் அளவா, மேகம் வந்த வழியா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. ஏரிச் சேற்றில் மகரந்தம் இருக்கிறது. எந்த மரம் நின்றது, எது பின்வாங்கியது என்று எண்ணி, இன்றைய காடுகளோடு ஒப்பிட்டு, குளிரைக் கணக்கிடலாம். வயது சொல்லும் இலையும் குளிரைச் சொல்லும் மகரந்தமும் ஒரே சேற்றில் இருப்பதால், இரண்டு ஊர்களின் காலக்கோட்டை ஒட்டவைக்கும் தொல்லை இல்லை. 2003இல் நகாகவா குழு அப்படித்தான் பார்த்தது: பனியுகம் முடியும் தறுவாயில் வட அட்லாண்டிக்கைத் தாக்கிய திடீர்க் குளிர், ஜப்பானுக்குச் சில நூறு ஆண்டுகள் தாமதமாகவே வந்திருந்தது.