மீட்டருக்கு ஜோசியம் சொல்ல வேண்டியிருக்கிறது: நகர மையப் பார்க்கிங், சில வருட அனுபவம்

நண்பர் ஒருவருக்கு நகர மையத்துக்கு வேலை மாற்றலாகியிருக்கிறது. தெருவோரம் மீட்டரில் தினமும் கட்டுவதா, மாதப் பாஸ் எடுப்பதா, எது கட்டுப்படியாகும் என்று கேட்டார். நான் அங்கே வருடக்கணக்கில் காசு கொடுத்து வண்டி நிறுத்துகிறவன். மெஷினில் சீட்டு எடுத்த காலத்தையும் பார்த்தாயிற்று, இப்போது ஆப். இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்ட அதே வாரம் என் கண்ணாடியில் அபராத நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போய்விடும். இடம் கிடைக்கிறது. கட்டணம் இல்லாத காலத்தில் அந்தத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். காலையில் முதலில் வந்து நிற்பவை வாடிக்கையாளர்களின் வண்டிகள் அல்ல, அந்தத் தெருவிலேயே வேலை செய்கிறவர்களின் வண்டிகள். சாயங்காலம் வரை அசையாது. இது எல்லா ஊருக்கும் பொதுவான வியாதி. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நட்டதற்கே இதுதான் காரணம். அலுவலகக்காரர்கள் நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வியாபாரம் படுக்கிறது என்று கடைக்காரர்கள் புலம்பினார்கள். மணிக்கு ஐந்து சென்ட் போட்டதும் இடம் காலியாக ஆரம்பித்தது.

டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு தெருவில் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வை, அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். அவர் கணக்கில் இடங்களில் சுமார் 85 சதவீதம் நிரம்பியிருந்தால் விலை சரி. அந்த அளவுகோலில் நான் நிறுத்தும் தெரு நன்றாகவே தேறிவிடும். ஆகவே காசு வாங்குவதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை, காசை எப்போது வாங்குகிறார்கள் என்பதில்.

வண்டியை நிறுத்திய நிமிடத்திலேயே, எவ்வளவு நேரம் இருப்பேன் என்று நான் சொல்லியாக வேண்டும். வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பல் டாக்டரிடம் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர், எந்தப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, மரத்துப்போக ஊசி எவ்வளவு நேரம் எடுக்கும், இதெல்லாம் டாக்டருக்கே தெரியாது. மீட்டருக்கு மட்டும் தெரிந்தாக வேண்டும். அரை மணியா, ஒன்றரை மணியா? கூட்டல் பொத்தானை அமுக்கிக்கொண்டே வெயிலில் நிற்கிறேன். திரையில் என் முகம்தான் தெரிகிறது, எண் தெரிவதில்லை.

அதிகமாகச் சொல்லிவிட்டால் மிச்சக் காசு திரும்பி வராது. குறைவாகச் சொல்லிவிட்டால் அபராதம். நாற்பது நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் யாரும் கூப்பிட்டு மீதி தருவதில்லை, நாலு நிமிடம் பிந்தினால் மணிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. தராசு இப்படிச் சாய்ந்திருக்கும்போது மனுஷன் என்ன செய்வான்? எப்போதும் கூடுதலாகவே வாங்குவான். அதனால் பலகையில் எழுதியிருக்கும் மணிக் கட்டணம் ஒன்று, நான் நிஜமாக நின்ற நேரத்துக்குக் கொடுப்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தை எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை.

ஆப் வந்த பிறகு இருந்த இடத்திலிருந்தே நீட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். நீட்டிக்கலாம்தான். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஃபோன் டிங் என்கிறது. நோட்டீஸ் வாங்கிய அன்றைக்கு அது அடித்தபோது நான் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாயில் உறிஞ்சுகுழாய், முகத்துக்கு மேலே விளக்கு, ஃபோன் பேன்ட் பாக்கெட்டில். எடுத்துப் பார்த்திருந்தாலும் பிரயோஜனமில்லை, அதிகபட்ச நேரத்தை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. காசு கொடுத்தாலும் அதற்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு விதி. ஒரே வண்டி இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது என்பது நியாயம். ஆனால் அந்த வேலையைச் செய்யத்தானே கட்டணம் இருக்கிறது? சான் ஃபிரான்சிஸ்கோவில் 2011-ல் தேவைக்கேற்பக் கட்டணத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது, கால வரம்பையும் தளர்த்தினார்கள். தெருவோரச் சராசரிக் கட்டணம் ஏறவில்லை, சற்று இறங்கியது. எழுதப்பட்ட அபராதங்களும் குறைந்தன.

நோட்டீஸுக்கு வருகிறேன். என் நேரம் முடிந்தது 4:10. நோட்டீஸில் 4:14. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். நாலு பக்கமும் படம், கூடவே சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வு எந்தத் திசையில் நிற்கிறது என்பது வரை கடிகார முள் கணக்கில் குறித்திருந்தார். வண்டி நடுவில் நகரவில்லை என்பதற்குச் சாட்சியாம். இத்தனை நுணுக்கம் தெரிந்தவர்களுக்கு நாலு நிமிடம் என்பது எவ்வளவு சின்னது என்று தெரியாதா? இங்கிலாந்தில் நகராட்சிகளின் தெருவோரக் கட்டண இடங்களில் 2015 முதல் பத்து நிமிட அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. நான் நிறுத்துகிற இடத்தில் அப்படி ஒரு கருணை கிடையாது. உடனே கட்டினால் பாதி என்ற தூண்டில் மட்டும் உண்டு. எதிர்த்து மனுப் போட்டுத் தோற்றால் முழுசும் கட்ட வேண்டும். பாதியைக் கட்டிவிட்டேன். அது அநியாயம் என்று நினைத்துக்கொண்டேதான் கட்டினேன்.

மற்ற எரிச்சல்கள் எல்லாம் சில்லறை. வண்டி எண்ணில் ஓ எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் ஆப் தடுமாறும், ஒரே கம்பத்தில் மூன்று பலகை ஒன்றுக்கொன்று முரண்படும், அதெல்லாம் பழகிவிட்டது.

ஜோசியம் பழகவில்லை. வேறு வழி இல்லாமலும் இல்லை. எஸ்டோனியாவில் 2000-லேயே, வந்ததும் செல்ஃபோனில் தொடங்கி, கிளம்பும்போது நிறுத்திவிடும் முறை வந்துவிட்டது. நின்ற நேரத்துக்கு மட்டும் காசு. நிறுத்த மறந்தால் தண்டம்தான், ஆனால் அது என் கையில் இருக்கும் விஷயம், பல் டாக்டர் கையில் அல்ல. ஜெர்மனியில் எப்போது வந்தோம் என்று காட்டக் கண்ணாடிக்குள் வைக்கும் நீல அட்டையில் முள்ளை வந்த நேரத்துக்கே வைப்பதில்லை, அடுத்த அரை மணிக்கு நகர்த்தி வைக்க வேண்டும். 2:05-க்கு வந்தால் 2:30 என்று வைக்கலாம், விதியே அப்படி. சும்மா கிடைக்கும் இருபத்தைந்து நிமிடம்! சில ஜெர்மன் ஊர்களின் மெஷின்களில், சட்டென்று ஒரு சாமான் வாங்கி வருகிறவர்களுக்காகவே இலவசக் குறுநேரப் பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

மீட்டர் வந்த 1935-லேயே ஓக்லஹோமாவில் மீட்டருக்குக் காசு போடாமல் முதலில் மாட்டிக்கொண்டவர் ஒரு பாதிரியார் என்று சொல்லப்படுகிறது. சில்லறை மாற்றக் கடைக்குள் போயிருந்தேன் என்றாராம், வழக்கைத் தள்ளிவிட்டார்களாம். அவர் காலத்து நீதிபதியிடம் என் நோட்டீஸைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

இப்போது தீர்ப்பு. இடம் கிடைக்கிறது, தெரு நெரியவில்லை, ஆப் மக்கர் செய்வதில்லை. இதையெல்லாம் கூட்டினால் ஐந்துக்கு நான்கு வரும். நான் கொடுப்பது ஒன்றரை. அடுத்த மாதம் கேட்டால் மாறலாம், பல் வலியும் தீர்ந்திருக்கும்.

நண்பருக்கு: தெருவோர மீட்டர் வேண்டாம். நாள் முழுக்க அலுவலகத்தில் இருக்கப்போகிறவருக்கு அந்தக் கால வரம்பு ஒத்தே வராது, போதாக்குறைக்கு மேலே சொன்ன நாள் முழுக்க அசையாத வண்டிகளில் உங்களுடையதும் ஒன்றாகிவிடும். ஓரமாக இருக்கும் அடுக்குமாடிப் பார்க்கிங்கில் பாஸ் எடுங்கள். கொஞ்சம் நடக்க வேண்டும். பாஸ் இல்லாத நாளிலும் அங்கே வெளியே வரும்போதுதான் காசு, நுழையும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மேல்தளம் வெயில், இரண்டாவது தளத்திலேயே நிறுத்திவிடுங்கள்.