மீன் தொட்டியைப் பவளத் தொட்டியாக்க: பழைய பாறையா, புதிய பாறையா?

உப்புநீர் மீன் தொட்டியில் பவளம் வளர்க்க முடிவெடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது: இந்தத் தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்கான காப்பர் (செம்பு) மருந்து ஊற்றப்பட்டதா? ஆம் என்றால் பழைய பாறையும் மணலும் வேண்டவே வேண்டாம். அவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட் காப்பரை உறிஞ்சிவைத்து மெல்லக் கசியவிடும். மீன் தாங்கும் அளவே நத்தை, இறால், பவளத்தைக் கொன்றுவிடும்.

காப்பர் படாத பழைய பாறையைத் தூக்கிப்போடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அதில் ஊறிப்போயிருப்பதுதான் பெரிய பலம். மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். குறை, பாசியை வளர்க்கும் பாஸ்பேட். வருடக்கணக்கில் தீவனம் விழுந்த பாறை அதைப் பிடித்துவைத்திருக்கும். தண்ணீர் மாற்றி 0.1 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இறக்கினாலும் சில நாளில் மீண்டும் ஏறும். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள்களை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் போட்டு, வாரந்தோறும் அளந்துபாருங்கள். பழைய மணலைக் கிளறக் கூடாது. எடுப்பதானால் வாரம் கால்பங்கு, சைஃபன் குழாயால்.

புதிய உலர்பாறை சுத்தமானது, ஆனால் உயிரற்றது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வர வழக்கமாக 4 முதல் 6 வாரம். அதுவரை மீன்களுக்கு வேறு தொட்டி வேண்டும். பிறகு பழுப்புப் பாசி, சில சமயம் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பிடிவாதமான நுண்ணுயிர் வரும்.

இரண்டுக்கும் இலக்கு ஒன்றே: ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டுவது) 1.025, காரத்தன்மை 8–9 டிகேஹெச், கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம். தொட்டி 1.020இல் ஓடியிருந்தால் நாளுக்கு 0.001 மட்டும் ஏற்றுங்கள்.