விடியலில் பூநாரை, வெயிலேறினால் துலிப்

வேலைக்காக லிமசோலில் தங்கியிருக்கிறேன். சைப்ரஸில் மூன்று வசந்தங்களாக வழிகாட்டியோடு பறவையும் காட்டுப்பூவும் பார்க்கப் போய்வருகிறேன்.

முதல் ஆண்டு கொடுத்த பணம் தண்டம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பதினெட்டுப் பேருக்கு ஒரே டெலஸ்கோப். அக்ரோத்திரி உப்பு ஏரிக்கு வேன் போய்ச் சேர்ந்தபோதே மணி பத்து. கானலில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கறையாய் நெளிந்துகொண்டிருந்தன. என் முறை வருவதற்குள் யாரோ டெலஸ்கோப்பின் முக்காலியை இடித்துவிட்டார்கள். நான் பார்த்தது வெறும் வானம். கோடியக்கரைக்கு வரும் அதே பெரும் பூநாரைதான் இது. அங்கேயே இதைவிட நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு வழிகாட்டியாக அகப்பட்ட பெரியவர் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பறவைக்கு விடியற்காலை, பூவுக்கு வெயிலேறிய பிறகு என்பது அவர் கணக்கு. மார்ச் நடுவில் அக்காமாஸ் தீபகற்பத்துக்கு அழைத்துப் போனார். சைப்ரஸில் மட்டுமே வளரும் துலிப் அங்கே உண்டு. காலையில் கூம்பிக் கிடந்தது. வெயில் பட்டதும் இதழ் விரிந்து, காய்ந்த ரத்தம்போல் கருஞ்சிவப்பாய் நின்றது. அதுவரை காத்திருந்த நேரமும் வீணாகவில்லை. சைப்ரஸ் தீவில் மட்டுமே கூடு கட்டும் கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று புதரின் உச்சியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை அவரிடம் இல்லை.

ஆனால் என்னை மாற்றியது ஒரு ஆர்க்கிட். முழங்கால் மடக்கிக் குனிந்தால்தான் தெரியும். உதடுபோலத் தொங்கும் கட்டைவிரல் நகமளவு இதழ், கறுப்பு வெல்வெட், அதன்மேல் வெள்ளைக் கோலம். பெண் தேனீயென்று ஏமாந்து ஆண் தேனீ வந்து மகரந்தத்தைச் சுமந்து போகிறது. கூலியாக ஒரு துளித் தேன்கூடக் கிடையாது! இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்றார் பெரியவர். சொல்லவில்லை.

குறையும் உண்டு. பூப்பிரியர்கள் ஒரே செடியருகே அரை மணி நேரம் படுத்துக் கிடக்க, பறவைக்காரர்கள் பைனாகுலரோடு முணுமுணுக்கிறார்கள். உங்களுக்கு ஒன்றில்தான் பித்து என்றால் தனி உலாவாகக் கேளுங்கள். மே பிறந்துவிட்டால் புல் காய்ந்துவிடும், ஏரியும் வற்றத் தொடங்கும். அப்போது யாராவது இதை விற்றால் வாங்காதீர்கள்.

வரும் மார்ச்சுக்கும் அந்த ஆறில் ஓர் இடம் சொல்லிவைத்துவிட்டேன். முழங்காலுக்கு ஒரு பழைய சாக்கும் தயார்.