விரால் பிடிக்க ஏரி காட்டுகிறேன் என்று அட்வான்ஸ் கேட்கிறார்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் தூண்டில் போடும் நண்பர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். பொங்கல் விடுமுறைக்கு விரால் பிடிக்கக் கூட்டிப் போகிறேன் என்று ஒருவர் இப்போதே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆளுக்கு 1,500 ரூபாய். ஏரி, அனுமதிச் சீட்டு, தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை), காலைச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம் என்கிறார். அதில் எனக்குக் கிடைத்தது அனுமதிச் சீட்டு மட்டும். அதுவும் போலி.

சென்னையிலிருந்து மச்சினனும் அவன் மகனும் வந்திருந்தார்கள். பையனுக்கு விரால் அடிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று நாளாக ஆசை. எனக்குத் தெரிந்த இடங்களில் அப்போது தண்ணீர் நிறைந்து, கரை ஓரமே தெரியாமல் இருந்தது. அதனால்தான் இவரை அழைத்தேன். போனில் முதலில் கேட்டதே, "குத்தகைதாரர் யாருங்க, அவருக்குத் தெரியுமா?" என்பதுதான். "எல்லாம் நம்ம ஆளுதான் சார், சீட்டே கையில கொடுத்துடுவேன்" என்றார். ஜிபேயில் 3,000 அனுப்பினேன். மீதி 1,500 ஏரிக்கரையில்.

குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு ஏரி. விடியும் முன்பே போய்விட்டோம். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, சீட்டைக் கொடுத்துவிட்டு, "டீ வாங்கிட்டு வந்துடுறேன் சார்" என்று வண்டியை எடுத்தவர்தான். அதற்கப்புறம் போன் சுவிட்ச் ஆஃப்.

வெளிச்சம் வந்த பிறகுதான் ஏரியைப் பார்க்க முடிந்தது. பார்த்ததுமே வயிறு எரிந்தது. விரால் நிற்கிற ஏரி எப்படி இருக்கும்? ஓரமெல்லாம் ஆம்பலோ கோரையோ காட்டாமணக்கோ மண்டிக் கிடக்கும். இலைக்கு நடுவில் கைப்பள்ளம் அளவுக்கு இடைவெளி இருக்கும். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது. பொறுமையாகக் கால் மணி நேரம் நின்றால் அந்த இடைவெளியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும், வளையம் விரியும். அங்கேதான் லூரைப் போட வேண்டும். இங்கே ஓரம் சுத்தமாக வழித்துவிட்டது போல இருந்தது. தண்ணீர் பச்சைக் குழம்பு. நடுவில் கழி நட்டு அதில் தீவன மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்க்கிற ஏரி. அப்படி வளர்ப்பவர்கள் விராலை விட்டுவைக்கவே மாட்டார்கள். குஞ்சு மீனைத் தின்று தீர்க்கிற மீனை யார் வைத்திருப்பார்கள்?

சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் எடுத்த தாள், ஏரிப் பெயர் மட்டும் பால்பாயிண்ட் பேனாவில். தேதியில் ஒரு எண்ணை அடித்து மேலேயே எழுதியிருந்தது. கீழே ஏதோ ஓர் ஊராட்சி முத்திரை, பாதி அழிந்தது. மதகுப் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே பொதுப்பணித்துறை என்று பழைய போர்டு. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி என்றால் அது பொதுப்பணித்துறை கையில் இருந்து, இப்போது நீர்வளத்துறைக்கு வந்தது. அதைவிடச் சிறியவைதான் ஊராட்சி ஒன்றியத்துக்கு. அந்த ஏரிக்கு ஊராட்சி முத்திரையில் சீட்டு வருமா?

தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு பெரியவர். மீன்பாசி குத்தகை, அதாவது அந்த ஏரியில் மீன் பிடிக்கிற உரிமை, அவர் பெயரில்தான். முதலில் சத்தம் போட்டார்கள், ராடுகளைப் பிடுங்கி வண்டியில் வைத்தார்கள். பையன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, போலீஸ் வருமா மாமா?" என்கிறான். அந்த முகத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பெரியவரிடம் சீட்டைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் யாருக்கும் சீட்டு கொடுத்ததில்ல தம்பி. ஏலத்துல எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு, ராத்திரி காவல் கெடக்குறோம்" என்றார். எங்களுக்கு முன்னாலும் இப்படிச் சிலர் அதே மாதிரித் தாளோடு வந்திருக்கிறார்களாம். ராடுகளைத் திருப்பிக் கொடுத்தார், சீட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பு நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். நல்ல மனிதர். வேறு இடமாக இருந்தால் அடி விழுந்திருக்கும், திருட்டு வழக்கும் வந்திருக்கும்.

மாலையில் அந்த ஆள் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். மன்னிப்பு இல்லை. "கோச்சுக்காதீங்க சார், அடுத்த வாரம் ஊசுட்டேரிக்குக் கூட்டிப் போறேன், ஃப்ரீ. அங்க ஒவ்வொண்ணும் தொடை மொத்தம் சார்" என்கிறார். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். புதுச்சேரி பக்கத்தை 2008-லும், விழுப்புரம் மாவட்டத்தில் வரும் தமிழ்நாட்டுப் பக்கத்தை 2014-லும் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அங்கே தூண்டிலோடு மாட்டினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். குத்தகைதாரர் மன்னித்து அனுப்புகிற கதை இல்லை. மரக்காணம் பக்கத்துக் கழுவேலியும் 2021-லிருந்து சரணாலயம்தான். அதையும் இவர் பட்டியலில் வைத்திருக்கிறார். பாண்டிச்சேரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

அவர் காட்டுகிற படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை நிறைய விராலைத் தூக்கிப்பிடித்த படம் ஒன்று, 'குறிஞ்சிப்பாடி ஏரி' என்று எழுதியிருக்கும். பின்னால் மலை தெரிகிறது. கேட்டதற்கு, "அது நெய்வேலி மண்மேடு சார்" என்றார். சுரங்க மண்மேட்டை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கொட்டிய மண் அது. படத்தில் இருப்பது உருண்டை உருண்டையான கரும்பாறை. எங்கேயோ யாரோ பிடித்த மீன்.

இந்தப் பக்கம் நல்ல ஏரி இல்லாமல் இல்லை. பெருமாள் ஏரிக்கு நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் பரவனாறு வழியாக வருவதால் மற்ற ஏரிகள் மாதிரிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்காது. வீராணத்துக்கு அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர். முழுக்கொள்ளளவு 47.5 அடி. அது நிரம்பி நிற்கும்போது போய் விரால் தேடுவது வீண், மீன் எங்கேயும் பரந்துகிடக்கும். திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரி. எங்கே போனாலும், மழை முடிந்து தண்ணீர் வடிய ஆரம்பித்து, மாசி பங்குனியில் ஓரச் செடிகள் தலைதூக்கும் சமயம்தான் பார்த்து வைக்க வேண்டிய சமயம். இடத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. கரையில் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள், மதகுக்குப் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். குத்தகை யார் பெயரில் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நேரே அவரிடம் போய்ப் பேசினால், "கட்லாவைத் தொடாதீங்க, விரால் எடுத்துக்கங்க" என்று சந்தோஷமாக விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் அது உபகாரம்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேலே கொதிக்கிற மாதிரித் தெரிந்தால் அங்கே லூர் போடாதீர்கள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அதைப் பிடித்தால் மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. இந்த ஆள் அதைத்தான் 'ஈஸி கேட்ச்' என்று விளம்பரம் செய்கிறார். என் 4,500 ரூபாயைவிட எனக்கு வலிக்கிறது அதுதான்.

சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபே ரசீது, பேசிய பதிவு, சீட்டின் போட்டோ எல்லாம் சேர்த்தாகிவிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. ஆள் விளம்பரம் போடுகிற ஆன்லைன் பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டார், ஆனால் அதே மலைப் படம், அதே 'சீட்டு கையில கொடுத்துடுவேன்' பேச்சு. உங்களில் யாராவது ஏற்கனவே அட்வான்ஸ் அனுப்பியிருந்தால் மெசேஜ்களை அழிக்காமல் வைத்து, இன்றைக்கே 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் போன உடனே சொன்னால் அந்தக் கணக்கை முடக்க அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சீட்டு ஏதாவது கொடுத்திருந்தால் முத்திரை தெரிகிற மாதிரிப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். குறிஞ்சிப்பாடிப் பெரியவர் காவல் நிலையத்தில் கொடுக்கப்போகிற புகாரோடு அதையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.